சிங்கப்பூரில் வளாக, சமூக வானொலி மாநாடு: யாரை அழைப்பது, எங்கே தொடங்குவது?

பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் மாணவர் வானொலிக் குழுவின் செயலாளராக இருக்கிறீர்கள். வளாக வானொலிகளுக்கும் சமூக வானொலிகளுக்கும் சேர்த்து, தேசிய அளவில் ஒரு மாநாட்டை அடுத்த ஆண்டு நடத்த நினைக்கிறீர்கள். இரண்டு நாள், ஏறக்குறைய 150 பேர், வெளிநாட்டுப் பேச்சாளர்கள் சிலர், முடிந்தால் ஒரு தமிழ் அமர்வு. மண்டபம், அனுமதி, செலவு, முடிவில் ஒரு தேசியச் சங்கம் தொடங்குவது ஆகியவற்றைப் பற்றிக் கேட்டுவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: யாரை அழைப்பது என்பதில் குழுவுக்குள் இன்னும் முடிவு வரவில்லை. என்னைக் கேட்டால் உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான். அது முடிவானால் மண்டபத்தின் அளவும் செலவும் அனுமதிகளும் பின்னாலேயே வந்துவிடும். முடிவாகாமல் மண்டபத்தைப் பதிவு செய்தால், பொதுவான ஊடகக் கருத்தரங்கு ஒன்றுதான் நடக்கும். அதற்கு இங்கே பஞ்சமில்லை.

நான் ஒலிபரப்பில் தயாரிப்பாளராக வேலை பார்த்து, பிறகு பல ஆண்டுகள் மாணவர் வானொலிக்கு வழிகாட்டியாக இருந்தவன். இப்படிப்பட்ட சந்திப்புகளின் ஏற்பாட்டுக் குழுக்களிலும் வேலை செய்திருக்கிறேன். நிகழ்ச்சி நிரல், ஒலி, ஆட்களை ஒருங்கிணைப்பது ஆகியவற்றில் உறுதியாகப் பேசுவேன். சட்டம் படித்தவன் இல்லை. அனுமதிகள் பற்றி எழுதுவதை எந்த அலுவலகத்தில் என்ன கேட்க வேண்டும் என்ற வழிகாட்டலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இறுதிச் சொல் அந்த அலுவலகத்துடையதுதான்.

முதலில் இங்குள்ள நிலைமை. இந்தியாவில் 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்கும், 2006 நவம்பரில் தொண்டு அமைப்புகளுக்கும் சமூக வானொலி நடத்த வழி திறந்தார்கள். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது. இன்று அங்கே 500க்கு மேற்பட்ட நிலையங்கள், பெரும்பாலும் 100 வாட் அளவிலான சிறு ஒலிபரப்பிகளோடு இயங்குகின்றன. கனடாவில் ஒலிபரப்பு ஆணையமே வளாக, சமூக வானொலிகளுக்கென்று 2010இல் தனிக் கொள்கை வெளியிட்டது. சிங்கப்பூரில் அப்படிப்பட்ட சிறு நிலையங்களின் கூட்டம் கிடையாது. எஃப்எம் அலைவரிசைகளில் நாம் கேட்பவை மீடியாகார்ப், எஸ்பிஎச் மீடியா போன்ற பெரிய ஊடக நிறுவனங்களின் நிலையங்கள், அவற்றோடு 88.9இல் பிபிசி உலகச் சேவை. வளாக வானொலி என்றால் நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியின் ரேடியோ ஹீட்வேவ் போல மாணவர்கள் நடத்துவது.

ஆகவே "உரிமம் பெற்ற சமூக வானொலிகள்" என்று அழைப்பிதழில் போட்டால் அறையில் ஆள் இருக்காது. வேலையை வைத்து ஆளைத் தேடுங்கள். தங்களுக்குத் தெரிந்த ஒரு கூட்டத்தாருக்காக, அவர்களில் ஒருவராக இருந்துகொண்டு, லாப நோக்கமில்லாமல் ஒலி நிகழ்ச்சி செய்கிறவர் எவரும் உங்கள் விருந்தினர். பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழக வானொலிக் குழுக்கள், மதிய இடைவேளையில் பள்ளி ஒலிபெருக்கியில் நிகழ்ச்சி நடத்தும் மாணவர்கள், தங்கள் வட்டாரத்து முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யும் தொண்டூழியர்கள், வெளிநாட்டு ஊழியர்களுக்காக அவர்கள் மொழியில் இணையத்தில் பேசுகிறவர்கள், தமிழ் வலையொலி செய்கிறவர்கள். இப்படி ஒரு பட்டியல் போடுங்கள். போட்ட பிறகு ஒவ்வொருவரையும் நேரில் பாருங்கள் அல்லது தொலைபேசியில் பேசுங்கள், மின்னஞ்சல் வேண்டாம். "உங்கள் நிகழ்ச்சியில் இப்போது எது தலைவலி?" என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பதில்கள்தான் உங்கள் நிகழ்ச்சி நிரல். 150 பேர் என்ற எண்ணை அதுவரை மறந்துவிடுங்கள். 70 பேர் வந்தாலும் அத்தனை பேரும் மைக் பிடித்தவர்களாக இருந்தால் அது நல்ல மாநாடு.

பிற நாடுகளில் இதை இரண்டு விதமாகச் செய்வதைப் பார்க்கலாம். இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சே தேசிய சமூக வானொலி மாநாட்டைக் கூட்டுகிறது. கனடாவில் வளாக, சமூக வானொலிகளின் தேசிய சங்கம், தன் உறுப்பு நிலையங்களில் ஒன்றோடு சேர்ந்து ஊர் ஊராக மாறி மாறி நடத்துகிறது. முதல் வகையில் பணமும் கவனமும் கிடைக்கும், மேடை அதிகாரிகள் பக்கம் சாய்ந்துவிடும். இரண்டாவது வகையில் கை கடிக்கும், ஆனால் வருகிறவர்கள் ஒரு நிலையத்தின் வீட்டுக்கு வருகிறார்கள். அதன் ஸ்டூடியோவைப் பார்க்கிறார்கள், ஒலிகளைக் கலக்கும் அதன் பழைய மிக்சரைத் தொட்டுப் பார்க்கிறார்கள். உங்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். ஆடம்பர ஹோட்டல் மண்டபம் வேண்டாம். உங்கள் வளாகத்திலேயே 200 பேர் கொள்ளும் விரிவுரைக் கூடம் ஒன்று, அதன் பக்கத்தில் சிறிய வகுப்பறைகள் நான்கு, நடந்து போகும் தூரத்தில் ஸ்டூடியோ. இது போதும்.

நிகழ்ச்சி நிரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான குழுக்கள் இதைத்தான் கடைசிக்கு விட்டுவிடுகின்றன. பேச்சாளர் நால்வரை வரிசையாக உட்காரவைத்து, "வானொலியின் எதிர்காலம்" என்று தலைப்புக் கொடுத்து, கடைசி ஐந்து நிமிடம் கேள்வி நேரம் என்று வைக்காதீர்கள். சிறு நிலையத்தில் உழைப்பவர் தன்னைப்போன்ற இன்னொருவரைச் சந்திக்கத்தான் வருகிறார். எனவே முதல் நாள் காலையிலேயே கேட்பு அமர்வு வையுங்கள். ஒவ்வொரு குழுவும் தான் செய்த நிகழ்ச்சியிலிருந்து ஐந்து நிமிடம் கொண்டுவர வேண்டும். 15 பேர் கொண்ட அறையில் விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, நல்ல ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் செய்தவர் விளக்கம் சொல்லக் கூடாது; கேட்டவர்கள் முதலில் பேசட்டும். எந்த இடத்தில் கவனம் சிதறியது, எந்தக் குரலை இன்னும் கேட்க விரும்பினேன், எந்த இசை பேச்சை அமுக்கியது என்று. ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு நிகழ்ச்சிகளைக் கேட்டுவிடலாம். முன்பின் அறியாதவர்கள் அந்த ஒரு மணி நேரத்தில் நெருங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். வேறு எந்த அமர்வும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது, ஆள் மாறும் சிக்கல். பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பு மூன்று ஆண்டு. முதலாண்டில் கற்றுக்கொண்டு, இரண்டாம் ஆண்டில் நடத்தி, மூன்றாம் ஆண்டில் வேலைப் பயிற்சிக்குப் போய்விடுகிறார்கள். கடவுச்சொல், ஒலிக்கோப்புகள், எந்த கேபிள் எங்கே போகிறது என்ற அறிவு எல்லாம் அவர்களோடு போய்விடும். எல்லா வளாக வானொலிக்கும் உள்ள நோய் இது. இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு குழுவும் தன் ஒப்படைப்புக் குறிப்பேட்டைக் கொண்டுவரட்டும். இல்லாதவர்கள் அங்கேயே உட்கார்ந்து ஒன்றை எழுதட்டும். கையில் ஒரு பொருளோடு ஊர் திரும்பும் அமர்வு இது. அப்புறம் ஒரு கருவி மேசை: ஒலிப் பொறியாளர் ஒருவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார், யார் வேண்டுமானாலும் தங்கள் மைக்கையும் மடிக்கணினியையும் கொண்டுவந்து இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். பேச்சாளருக்குச் செலவழிக்கும் பணத்தில் கால் பங்குகூட இதற்கு ஆகாது.

வெளிநாட்டுப் பேச்சாளர்கள் தேவையா? இரண்டு பேர் போதும் என்பது என் கருத்து, அதிலும் ஒருவர் காணொளி வழியாக வரலாம். யாரை என்றால், நம் நிலைமைக்கு ஏதாவது கற்றுத்தரக்கூடியவரை. இலங்கையின் கொத்மலை சமூக வானொலி 1989இல் தொடங்கியது. 1999இல் யுனெஸ்கோ உதவியோடு அங்கே ஒரு புது முயற்சி நடந்தது: நேயர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அறிவிப்பாளர் ஒலிபரப்பின்போதே இணையத்தில் தேடி, விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேயர் மொழியில் விளக்குவார். வீட்டில் கணினி இல்லாதவருக்கும் இணையம் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டின் பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை எஃப்எம் மீனவர்களுக்காகவே நடக்கிறது. அதன் நேயர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்பதில் அங்கே குழப்பமே இல்லை. நம் மாணவர் வானொலிகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியை இன்னும் கேட்டுக்கொள்ளவே இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் தினமும் மைக் முன்னால் உட்காருகிறவரை அழையுங்கள்.

இனி தேதி. பிப்ரவரி 13 உலக வானொலி நாள். 1946இல் அதே நாளில் ஐநா வானொலி தொடங்கியதால் யுனெஸ்கோ 2011இல் அதைத் தேர்ந்தெடுத்தது. அந்த நாளில் வைக்க எல்லாருக்கும் ஆசை வரும். ஆனால் பல ஆண்டுகளில் அது சீனப் புத்தாண்டை ஒட்டி வரும், பல்கலைக்கழகப் பருவமும் நடந்துகொண்டிருக்கும். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடப்பதால் தமிழ் அமர்வுக்கு அது பொருத்தமாகத் தோன்றும். அப்போதோ பல்கலைக்கழகங்களில் தேர்வு நெருக்கடி. பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் செப்டம்பர் விடுமுறையில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு வகுப்பு இருக்கும். என் கணக்குப்படி இரு தரப்புக்கும் நன்றாக ஒத்துவருவது ஜூன். பலதுறைத் தொழிற்கல்லூரிகளுக்குப் பருவ நடு விடுமுறை, பல்கலைக்கழகங்களுக்கு நீண்ட விடுமுறை, பள்ளிகளுக்கும் விடுமுறை. பல்கலைக்கழக மாணவர் விடுதிகளில் அறை கிடைக்கவும் வாய்ப்பு அதிகம். ஆனால் வேலைப் பயிற்சியில் இருப்பவர்கள் வார நாளில் வர முடியாது, அதனால் சனி காலை தொடங்கி ஞாயிறு மாலை முடியுங்கள்.

அனுமதிகளுக்கு வருவோம். உறுதியாகச் சொல்லக்கூடியது: கருத்தரங்கில் பேசவரும் வெளிநாட்டவருக்கு வேலை அனுமதி பற்றிய விதிகள் மனிதவள அமைச்சிடம் இருக்கின்றன. சாதாரண மாநாட்டுப் பேச்சு, வேலை அனுமதியிலிருந்து விலக்களிக்கப்பட்ட பணிகளில் வரும். இங்கே வந்திறங்கியதும், பேசுவதற்கு முன் அமைச்சுக்கு இணையவழி தெரிவிக்க வேண்டும். ஆனால் சமயம், இனம் அல்லது சமூகம், ஒரு கொள்கை அல்லது அரசியல் நோக்கம் பற்றிய கருத்தரங்கு என்றால் அந்த விலக்கு கிடையாது, தனி வகை அனுமதி வாங்க வேண்டும். உங்கள் மாநாடு எந்தப் பக்கம் விழும்? ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம் பற்றி ஒருவர் பேசினால் சிக்கல் வராது என்று நினைக்கிறேன். வெளிநாட்டு ஊழியர் வானொலி அல்லது ஓர் இனத்தாரின் ஊடகம் பற்றி வெளிநாட்டவர் பேசினால் நிலைமை மாறலாம். இதை என் ஊகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொருவரின் தலைப்பையும் பேச்சுச் சுருக்கத்தையும் வைத்து, குறைந்தது மூன்று மாதம் முன்பே அமைச்சிடம் எழுத்தில் கேளுங்கள். பொதுமக்களும் வரும் அமர்வில் வெளிநாட்டவர் பேசினாலோ, இனம், சமயம் தொட்ட பேச்சு என்றாலோ, பொதுக் கேளிக்கை உரிமம் தேவையா என்று காவல்துறையிடமும் அப்படியே கேட்டுவிடுங்கள். பதிவு செய்தவர் மட்டும் நுழையலாம் என்று வைத்துக்கொண்டால் வேலை எளிதாகலாம், ஆனாலும் கேட்பது நல்லது.

ஒலிபரப்பைப் பொறுத்தவரை ஒரே பேச்சுத்தான். மாநாட்டு மகிழ்ச்சியில் யாராவது ஒரு சிறிய எஃப்எம் ஒலிபரப்பியைக் கொண்டுவந்து "வளாகத்துக்குள் மட்டும் போடுவோம்" என்பார்கள். உரிமமில்லாமல் அலைவரிசையில் ஒலிபரப்புவது குற்றம். சிறியதுதானே என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் நிலையத்தின் வழக்கமான இணைய ஒலிபரப்பையே பயன்படுத்துங்கள். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதிகளின்படி அது எந்த நிலையில் இருக்கிறது என்பது உங்கள் கல்லூரிக்குத் தெரிந்திருக்கும். இசைக்கு, இயற்றியவர்களின் பதிப்புரிமையைக் கவனிக்கும் காம்பஸ் அமைப்பின் உரிமம் உங்கள் வளாகத்துக்கு ஏற்கெனவே இருக்கிறதா, இந்த நிகழ்ச்சிக்கும் பொருந்துமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். மண்டபத்தில் பாட்டுப் போடுவதற்கான உரிமம், அந்தப் பதிவை இணையத்தில் ஏற்றுவதற்குப் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். கேட்பு அமர்வில் வரும் நிகழ்ச்சிகளில் சினிமாப் பாட்டு இருந்தால், இணையத்தில் ஏற்றும் பிரதியில் அதை வெட்டிவிடுங்கள். பங்கேற்பாளர் பட்டியலுக்கும் படங்களுக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உண்டு. பதிவுப் படிவத்திலேயே, படம், குரல் பதிவு இரண்டுக்கும் தனித்தனியாக ஒப்புதல் வாங்குங்கள். குரல் பதிவுக்கு வேண்டாம் என்பவருக்கு வேறு நிறத்தில் கழுத்துப்பட்டி கொடுத்தால் பதிவு செய்பவருக்கு எளிது.

செலவு. மண்டபத்தைக் கல்லூரி இலவசமாகக் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். பிறகு பெரிய செலவு சாப்பாடுதான். 150 பேர், இரண்டு மதிய உணவுக்குத் தலைக்கு 40 வெள்ளி, இரண்டு தேநீர் வேளைக்கு 12 வெள்ளி என்று போட்டால் 7,800. அதில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி 702. ஆக ஏறக்குறைய 8,500 வெள்ளி. தலைக்கு நான் போட்டது தோராய மதிப்பீடு. மூன்று உணவு நிறுவனங்களிடம் விலை கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். ஹலால், சைவம் இரண்டும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும், சைவத்தைத் தனி மேசையில் தனிக் கரண்டிகளோடு வையுங்கள். மாணவர் நூறு பேரிடம் 25 வெள்ளி, மற்ற ஐம்பது பேரிடம் 60 வெள்ளி வாங்கினால் 5,500 வரும். மீதி 3,000, பேச்சாளர் ஒருவரின் பயணம், தங்குமிடம், காப்புறுதி, அச்சு வேலை ஆகியவற்றுக்குத்தான் ஆதரவு தேட வேண்டும். தேசிய இளையர் மன்றம் இளையர் திட்டங்களுக்கு நிதி உதவி தருகிறது, அங்கே முதலில் விண்ணப்பியுங்கள். கருவி விற்பவர்கள் ஆதரவு தர முன்வந்தால் நடைபாதையில் மேசை கொடுங்கள், மேடையில் நேரம் கொடுக்காதீர்கள். மேடை நேரத்துக்கு விலை உண்டு என்று தெரிந்துவிட்டால் வருகிறவர்களின் நம்பிக்கை போய்விடும்.

வானொலிக்காரர்கள் கூடும் இடத்தில் ஒலி மோசமாக இருப்பதைப்போல வருத்தம் வேறில்லை. மண்டபத்தை ஒப்புக்கொள்ளும் முன் குளிரூட்டியை முழு வேகத்தில் போட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து, மேடையில் ஒருவரை மெதுவாகப் பேசச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு அறையின் ஒலியையும் மிக்சரிலிருந்தே நேரடியாகப் பதிவு செய்யுங்கள், கைபேசியை நம்ப வேண்டாம். கேள்வி கேட்பவர்களுக்கென்று தனி மைக், அதை ஓடி ஓடிக் கொடுக்க ஒரு தொண்டூழியர். உங்கள் முதலாண்டு மாணவர்களை நடைபாதையில் ஒரு சிறு ஒலிபரப்பு மேசையில் உட்காரவைத்து, வருகிறவர்களை நாள் முழுவதும் நேர்காணல் செய்யவிடுங்கள். மாநாட்டில் அவர்கள் கற்பது அங்கேதான்.

தமிழ் அமர்வு பற்றித் தயக்கத்தோடு கேட்டிருக்கிறீர்கள். தயங்க வேண்டாம், வையுங்கள், அதுவும் முதல் நாளிலேயே. கடைசி நாள் மாலையில் ஓர் ஓரத்து அறையில் வைத்தால் வருவோர் நம் நண்பர்களாக மட்டும் இருப்பார்கள். பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவைகளில் ஒலி நிகழ்ச்சி செய்ய ஆர்வமுள்ளவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் ஆங்கிலமும் மேடையில் தமிழும் பேசும் இளையர் மைக் முன்னால் எந்தத் தமிழைப் பேசுவது என்று திணறுகிறார்கள். செய்தி வாசிப்பவரின் தமிழா, தேக்கா கடைத்தெருவில் கேட்கும் தமிழா? இதை ஒரு மணி நேரம் ஒலித்துணுக்குகளோடு பேசினால் அவர்களுக்குப் பெரிய தெளிவு பிறக்கும். இங்குள்ள தமிழ் வானொலியான ஒலி 96.8இல் வேலை செய்தவர்கள் யாராவது வர ஒப்புக்கொண்டால், மாலை போட்டுத் தலைமை தாங்கச் சொல்லாதீர்கள். மாணவர்களின் நிகழ்ச்சியைக் கேட்டுத் திருத்தச் சொல்லுங்கள். அனுபவமுள்ள காதுக்கு அதைவிட நல்ல மரியாதை இல்லை. பிற மொழிக்காரர்களும் உட்காரும்படி, ஒலித்துணுக்குகளின் சாரத்தை ஆங்கிலத்தில் திரையில் போட்டால் போதும். மலாய், சீன மொழிக் குழுக்களுக்கும் இதே வசதியைக் கொடுங்கள்.

மாநாட்டின் முடிவிலேயே ஒரு தேசியச் சங்கம் தொடங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இதில் எனக்கு உறுதியான பதில் இல்லை. சங்கம் இருந்தால் அரசு அலுவலகங்களோடு பேச ஒரே குரல் இருக்கும். ஆனால் சங்கப் பதிவு, ஆண்டுக் கூட்டம், கணக்குத் தணிக்கை என்ற சுமையை மூன்று ஆண்டில் படித்து முடித்துப் போகும் மாணவர்கள் தாங்குவார்களா என்பது சந்தேகம். முதல் ஆண்டில் மூன்று வேலைகள் போதும்: எல்லாக் குழுக்களின் தொடர்புப் பட்டியல், அமர்வுகளின் ஒலிப்பதிவுகள் ஒரே இடத்தில், அடுத்த ஆண்டு நடத்த முன்வரும் நிலையத்தின் பெயர். அந்தப் பெயரை ஞாயிறு மாலை எல்லாரும் கலையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். உங்கள் வரவு செலவுக் கணக்கையும் அனுமதிக் கடிதங்களின் பிரதிகளையும் ஒரு கோப்பாக்கி அவர்களிடம் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரி நடத்தினால் அடுத்தது பல்கலைக்கழகமாக இருப்பது நல்லது என்பது என் விருப்பம். யாரும் முன்வராவிட்டால் கட்டாயப்படுத்தாமல், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.